மாடலில் ஏறிய சுமையும் நாம் ஏற்ற நினைத்த சுமையும்

கட்டட வடிவமைப்புக் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். ஒரு மாடல் (கட்டடத்தின் கணினிக் கணக்கு வடிவம்) என் மேசைக்கு வந்தால் முதலில் திறப்பது பெண்டிங் மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) படத்தையோ கம்பி அளவுகளையோ அல்ல, சுமைப் பட்டியலைத்தான். பீம், தூண் அளவுகள் வரைபடத்தில் எல்லோர் கண்ணிலும் படுவதால் அவற்றில் பிழை இருந்தால் கட்டடக் கலைஞரோ சைட் இன்ஜினியரோ யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். பரவல் சுமை, அதாவது ஒரு பரப்பின் மேலோ நீளத்தின் மேலோ பரவி நிற்கும் சுமை, அப்படியில்லை. இன்புட் ஃபைலில் ஒரே ஒரு வரியில் அது முடிந்துவிடும்; அந்த வரியை மென்பொருள் எந்தெந்த பீமுக்கு எவ்வளவு என்று பங்கிட்டது என்பதை நாமாகத் தோண்டிக் கேட்டால்தான் தெரியவரும்.

சுமையைச் சரிபார்த்தீர்களா என்று இளம் பொறியாளர்களைக் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில், "மொத்தச் சுமையும் மொத்த ரியாக்‌ஷனும் சமமாக வந்துவிட்டன, சார்" என்பதுதான். அவை சமமாக வராமல் வேறு எப்படி வரும்? ரியாக்‌ஷன் என்பது தாங்கிகள் திருப்பித் தரும் எதிர்விசை; மென்பொருள் தான் பெற்றுக்கொண்ட சுமையைத் தாங்கிகளிடம் ஒப்படைத்திருக்கிறது, அவ்வளவே. சமன்பாடுகள் ஒழுங்காகத் தீர்க்கப்பட்டன என்பதற்கு அது சான்றாகலாமே தவிர, ஏற்றிய சுமை சரி என்பதற்குச் சான்றாகாது. பாதி ஸ்லாபுக்குச் சுமையே கொடுக்காமல் விட்டாலும் அந்த இரண்டு எண்களும் கடைசித் தசமம் வரை ஒத்துப்போகும். ஒப்பிட வேண்டியது மென்பொருளின் ஓர் எண்ணை அதன் இன்னொரு எண்ணோடு அல்ல. வரைபடத்தைப் பார்த்துக் கையால் போட்ட கூட்டலோடு.

அந்தக் கூட்டல் ஒத்துவந்தாலும் போதாது என்பதைச் சென்னைப் புறநகரில் கட்டப்படவிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடல் எனக்குக் காட்டியது. ஸ்டாட் புரோ என்ற கட்டமைப்புக் கணக்கு மென்பொருளில் செய்த மாடல் அது. தரைச் சுமை முழுவதையும் ஃப்ளோர் லோடு கட்டளையால், முதல் மாடியிலிருந்து மொட்டை மாடி வரை ஒரே உயர வரம்பு, ஒரே மதிப்பு என்று கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டளை, சொன்ன உயரத்தில் நாலு புறமும் பீம்களால் மூடப்பட்ட கட்டங்களைத் தானே தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் சுமையைச் சுற்றியுள்ள பீம்களுக்குப் பங்கிடுகிறது. மூடிய கட்டத்தில் ஸ்லாப் உண்டா, வெறும் வெளியா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே லிஃப்ட் குழிக்கும் குழாய்கள் இறங்கும் டக்டுக்கும் படிக்கட்டு வெளிக்கும் தரைச் சுமை ஏறியிருந்தது. பால்கனிகளோ பீமுக்கு வெளியே கான்டிலீவராக (ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்டு) நீண்டிருந்தன. அவற்றின் ஓரத்தில் பீம் இல்லாததால் கட்டம் மூடப்படவில்லை, ஒரு கிலோ நியூட்டன்கூட அங்கே போகவில்லை. இல்லாத ஸ்லாபுக்கு ஏறிய சுமையும் இருக்கும் ஸ்லாபுக்கு ஏறாத சுமையும் ஏறத்தாழ ஈடுகட்டிக்கொண்டதால், மொத்தக் கூட்டல் கைக்கணக்கோடு மிக நெருங்கி வந்திருந்தது.

தூண்வாரியாகப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஒரு மூலைத் தூண், ஓர் ஓரத் தூண், ஓர் உள் தூண் என்று மூன்று வகைக்கு ஒவ்வொன்றை எடுத்து, அவற்றுக்குரிய பரப்பை வரைபடத்தில் பென்சிலால் குறித்துக் கூட்டிப் பார்ப்பது என் வழக்கம். லிஃப்ட்டை ஒட்டிய தூணின் சுமை என் கணக்கைவிட மிகுந்தும் பால்கனிப் பக்கத்துத் தூணின் சுமை குறைந்தும் நின்றன. தூணை விடப் பெரிய கவலை பால்கனி பீமைப் பற்றியது. அந்த ஸ்லாபின் எடையும் வாழ்சுமையும் (ஆட்கள், பொருள்களின் சுமை) போனதோடு, கான்டிலீவர் பீமின் மேல் ஏற்படுத்தும் முறுக்கமும் கணக்கில் இல்லாமலே போயிருந்தது. குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் போதும் என்னும் இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி, பால்கனிக்கும் படிக்கட்டுக்கும் 3 கேட்கிறது. அதாவது, அதிகச் சுமை வேண்டிய இடமே சுமையின்றி நின்றது. இதன் பிறகு உயர வரம்பை வைத்துச் சுமை ஏற்றுவதை எங்கள் குழுவில் நிறுத்திவிட்டோம். ஸ்லாப் உள்ள கட்டங்களைப் பெயரிட்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சுமை என்று கொடுக்கிறோம். பால்கனிச் சுமையையும் அதன் முறுக்கத்தையும் பீமிலேயே தனியாக ஏற்றுகிறோம்.

இதே கட்டளையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ளோர் லோடு பீம்களுக்குத்தான் போகும், பிளேட்டுகளுக்கு (ஸ்லாபையோ சுவரையோ குறிக்கும் தகட்டுத் துண்டுகளுக்கு) போகாது. ஸ்லாபைப் பிளேட்டாகவும் வரைந்து, ஃப்ளோர் லோடில் ஸ்லாபின் எடையையும் சேர்த்து, செல்ஃப்வெயிட்டும் (உறுப்புகளின் சொந்த எடையை மென்பொருளே சேர்க்கும் கட்டளை) கொடுத்த மாடல்கள் வருகின்றன. 125 மில்லிமீட்டர் ஸ்லாபின் எடையான சதுர மீட்டருக்கு 3.125 கிலோ நியூட்டன் அவற்றில் இருமுறை ஏறியிருக்கும்.

ஸ்லாபின் சுமை எந்த வடிவத்தில் பீமில் அமர்கிறது என்பதில் நடக்கும் குழப்பம் இதைவிட நுட்பமானது. நாலு பக்கமும் பீமில் அமர்ந்த ஸ்லாபின் மூலைகளிலிருந்து 45 பாகையில் கோடிழுத்து, குறுகிய பீமுக்கு முக்கோணமாகவும் நீண்ட பீமுக்குச் சரிவகமாகவும் சுமையைப் பிரிக்கச் சொல்கிறது கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456. கையால் கணக்குப் போட்ட காலத்தில் முக்கோணத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று சமான யூடிஎல் (நீளம் முழுதும் சீராகப் பரவிய சுமை) வாய்பாடுகளை வைத்திருந்தார்கள். அந்த வாய்பாடுகள் அப்படியே எக்செல் தாளுக்குள் குடியேறி, அங்கிருந்து மாடலுக்குள் வந்துகொண்டிருக்கின்றன.

4 மீட்டருக்கு 5 மீட்டர் ஸ்லாப், சதுர மீட்டருக்கு 10 கிலோ நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சுமை 200 கிலோ நியூட்டன். 45 பாகைப் பங்கீட்டில் குறுகிய பீம் ஒவ்வொன்றுக்கும் 40, நீண்ட பீம் ஒவ்வொன்றுக்கும் 60. கூட்டினால் 200 சரியாக வரும். இப்போது வாய்பாட்டைப் பார்ப்போம். குறுகிய பீமுக்குப் பரப்புச் சுமையைக் குறுகிய நீளத்தால் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும், மீட்டருக்கு 13.33 கிடைக்கிறது. நீண்ட பீமுக்கு அதற்கென்று உள்ள வாய்பாட்டில் 15.73 கிடைக்கிறது. இவற்றை நீளத்தால் பெருக்கினால் முறையே 53.3, 78.7 கிலோ நியூட்டன். நாலு பீம்களுக்கும் சேர்த்து 264. இருநூறு கிலோ நியூட்டன் ஸ்லாப், மாடலில் 32 விழுக்காடு கனத்துவிட்டது.

வாய்பாட்டின் மேல் குற்றம் சொல்ல முடியாது. இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்ட பீமின் நடுமொமென்ட் சமமாக வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் பிறந்தது அது. ஷியருக்கும் (வெட்டுவிசை) தூண் சுமைக்கும் ஃபூட்டிங்குக்கும் (தூணின் அடித்தளம்) அது பொருந்தாது. தொடர் பீமின் முனை மொமென்ட்டுக்குக்கூடத் துல்லியமாகப் பொருந்தாது. நேர் எதிர்ப்பக்கமும் இருக்கிறது: மொத்தச் சுமை சரியாக இருக்கட்டும் என்று 40 கிலோ நியூட்டனை 4 மீட்டரால் வகுத்து மீட்டருக்குப் பத்து என்று சீராகப் பரப்பினால், ஃபூட்டிங் சரியாகும், ஆனால் முக்கோணம் தரும் 26.67 கிலோ நியூட்டன் மீட்டர் நடுமொமென்ட்டுக்குப் பதிலாக 20 மட்டுமே வரும். பீமுக்குக் கால் பங்கு குறைந்துவிடுகிறது. முக்கோணத்தையும் சரிவகத்தையும் அந்தந்த வடிவிலேயே ஏற்ற மென்பொருளில் வசதி இருக்கும்போது இந்த இழுபறி தேவையே இல்லை.

"சுமை கூடுதலாகத்தானே இருக்கிறது, பாதுகாப்புதானே" என்ற வாதத்தை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். நிலைச்சுமை (கட்டடத்தின் சொந்த எடை) கூடினால் நிலநடுக்கக் கணக்கின் நிறையும் கூடி, அடிமட்ட ஷியர் (கட்டடத்தின் அடியில் வரும் மொத்தக் கிடைவிசை) வீணாக ஏறும். அது செலவு மட்டுமே, போகட்டும். ஆனால் காற்றோ நிலநடுக்கமோ கட்டடத்தைக் கவிழ்க்கப் பார்க்கும் நிலையில், நிலைச்சுமை நம் பக்கம் நின்று பிடித்துக்கொள்ளும் சுமை. அதனால்தான் விதிநூல் அங்கே நிலைச்சுமையை 0.9 ஆகக் குறைத்தும் காற்றை 1.5 ஆகப் பெருக்கியும் பார்க்கச் சொல்கிறது. இல்லாத 32 விழுக்காட்டு எடையை அங்கே ஏற்றி வைத்தால், 0.9 என்ற குறைப்புக்கு எந்தப் பொருளும் இல்லாமல் போகிறது.

இனி, எலிமென்ட்டுக்குள் நடப்பது. கட்டமைப்பை எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்து, அவை இணையும் புள்ளிகளான நோடுகளில் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் எந்தப் பரவல் சுமையும் கடைசியில் நோடுகளில்தான் வந்து நிற்க வேண்டும். பீமின் மேல் யூடிஎல் கொடுத்தால் மென்பொருள் இரு முனைகளுக்கும் பாதிப் பாதியாக விசையைத் தருவதோடு, இறுகிய முனை மொமென்ட்டையும் (முனைகள் திரும்பாமல் பிடிக்கப்பட்டிருந்தால் அங்கே வரும் மொமென்ட்) சேர்த்தே தருகிறது. யூடிஎல்லை நாமே நோடு விசைகளாக மாற்றி ஏற்றும்போது இந்த மொமென்ட் விட்டுப்போகிறது. உயரமான கம்பங்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் காற்றுச் சுமையை எக்செல்லில் கணக்கிட்டு, நோடுவாரியாக ஒட்டும் பழக்கம் பரவலாக இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஒரு கான்டிலீவரை ஒரே எலிமென்ட்டாக வைத்து யூடிஎல்லின் பாதியை முனையில் ஏற்றினால், முனைத் தொய்வு உண்மையானதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடும். முனைச் சாய்வு பாதியளவு கூடும். ஆனால் அடி மொமென்ட் அச்சாகச் சரியாக வரும். பாதி விசை, முழு நீளம். யூடிஎல்லும் அதே பெருக்குத் தொகையைத்தான் தருகிறது. ரியாக்‌ஷனை மட்டும் பார்ப்பவருக்குத் தொய்வில் இருக்கும் குளறுபடி தெரியவே தெரியாது. நீளத்தை நாலு சம எலிமென்ட்டுகளாகப் பிரித்தால் முனைத் தொய்வின் பிழை சுமார் 2 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும் என்பதால், நோடு விசைதான் வேண்டும் என்பவர்கள் குறைந்தது அந்த அளவாவது பிரிக்க வேண்டும்.

திட எலிமென்ட்டுகளில் வேறொரு விந்தை உண்டு. எட்டு நோடுள்ள நாற்கர முகத்தில் சீரான அழுத்தம் கொடுத்தால், பக்கநடு நோடு ஒவ்வொன்றுக்கும் மொத்த விசையில் மூன்றில் ஒரு பங்கும், மூலை நோடு ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு எதிர்த்திசையிலும் போகும். நாலு மூன்றிலொன்றிலிருந்து நாலு பன்னிரண்டிலொன்றைக் கழித்தால் ஒன்று, கணக்கு சரி. எங்களோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் இந்த எதிர்க்குறிகளைப் பார்த்துப் பதறி, எட்டு நோடுகளுக்கும் சமமாகப் பங்கிடப் போனார். அப்படிச் சமமாகப் பங்கிட்டால்தான் அழுத்தம் சீராக இல்லாமல் போய், முகத்தை ஒட்டிய தகைவுகள் மேடும் பள்ளமுமாக வரும். இத்தகைய எலிமென்ட்டுகளில் சுமையை முக அழுத்தமாகவே கொடுத்துவிட்டு, நோடு பங்கீட்டை நிரலிடம் விட்டுவிடுவதே நல்லது.

சரிவான உறுப்புகளில், சுமை எந்த நீளத்தின் மேல் கிடக்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். படி உயரம் 150, மிதி அகலம் 300 மில்லிமீட்டர் உள்ள படிக்கட்டின் சாய்வு ஏறத்தாழ 26.6 பாகை. ஆட்கள் ஏறி நிற்கும் 3 கிலோ நியூட்டன் கிடைத்தளப் பரப்புக்கு உரியது. அதைச் சரிவு நீளத்தின் மேல் பூமி நோக்கிய சுமையாகக் கொடுத்தால், கிடைத்தளக் கணக்கில் 3.35 ஆகிவிடும். 150 மில்லிமீட்டர் வெய்ஸ்ட் ஸ்லாபின் (படிகளுக்கு அடியில் சரிந்து போகும் ஸ்லாப்) சொந்த எடையோ சரிவுப் பரப்புக்கு உரியது, சரிவில் 3.75, கிடைத்தளத்தில் 4.19. இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டி ஒரே திசைக் குறியில் கொடுத்தால் ஏதாவது ஒன்று கட்டாயம் தவறும். ஸ்டாட் புரோவில் உலக அச்சுக்கு ஒரு குறியும் வீழல் நீளத்துக்கு (கிடைத்தளத்தில் விழும் நீளம்) வேறொரு குறியும் இருப்பது இதற்காகத்தான். பத்துக்கு ஒன்று சரிவுள்ள தொழிற்கூடக் கூரையில் வித்தியாசம் அரை விழுக்காடுதான். அங்கே மெனக்கெட வேண்டியதில்லை.

அந்தக் கூரையில் மெனக்கெட வேண்டியது காற்றின் குறியைப் பற்றி. காற்று மேற்பரப்புக்குச் செங்குத்தாகத் தாக்குவதால் உறுப்பின் சொந்த அச்சில்தான் ஏற்ற வேண்டும். இடப்பக்க ராஃப்டரை (கூரையின் சரிவு உத்தரம்) அடியிலிருந்து உச்சிக்கும் வலப்பக்க ராஃப்டரை எந்தத் திசையிலும் வரைந்திருக்கலாம் என்பதால், சொந்த அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் திரையில் போட்டுப் பார்க்காமல் குறியை எழுதக் கூடாது. சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். பெருக்குக் காரணிகள் எல்லாம் ஒன்று என்று வைத்தாலே சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் அழுத்தம் வருகிறது. தகரக் கூரையின் எடை இதன் பக்கத்தில்கூட நிற்காது. கூரையைத் தூக்க வேண்டிய உறிஞ்சல் குறி மாறி அமுக்கும் விசையானால், ஆங்கர் போல்ட்டில் இழுவையே வராது.

தண்ணீர்த் தொட்டிச் சுவரிலும் இதே திசைச் சிக்கல் பிளேட் வடிவில் வருகிறது. பிளேட்டின் நோடுகளை எந்த வரிசையில் எண்ணினோமோ அதைப் பொறுத்து அதன் செங்குத்து அச்சு உள்ளேயோ வெளியேயோ பார்க்கும். சுவரின் நடுவில் நாலைந்து பிளேட்டுகள் மட்டும் எதிர்வரிசையில் எண்ணப்பட்டிருந்தால், அவற்றில் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே தள்ளும். மொமென்ட் வண்ணப்படத்தில் அது ஒரு சிறு திட்டாகத் தெரியும். அழுத்த அம்புகளைத் திரையில் காட்டச் சொன்னால் ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

ஆழத்தோடு கூடும் அழுத்தத்தைப் பிளேட்டுக்கு ஒரு சராசரி மதிப்பு என்று படிப்படியாகக் கொடுப்பவர்கள் உண்டு. 3 மீட்டர் தண்ணீர்; அடியில் சதுர மீட்டருக்கு 29.4 கிலோ நியூட்டன் அழுத்தம். மேல் முனை சுதந்திரமாக நிற்கும் சுவரின் அடி மொமென்ட் மீட்டருக்கு 44.1 கிலோ நியூட்டன் மீட்டர். உயரத்தை நாலு பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நடு அழுத்தத்தைக் கொடுத்தால் 45.5 வரும், பொறுத்துக்கொள்ளலாம். ஒரே பட்டையாகக் கொடுத்தால் 66 ஆகிவிடும். இரண்டிலும் மொத்த விசை ஒன்றேதான் என்பதைக் கவனிக்க வேண்டும். விசை எந்த உயரத்தில் செயல்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. சரிந்து கூடும் அழுத்தத்தை நேரடியாகக் கொடுக்கும் வசதி இருக்கையில் பட்டை முறைக்குப் போக வேண்டியதில்லை.

தண்ணீர் அழுத்தத்தையும் மெஷ்ஷையும் (எலிமென்ட்டுகளாகப் பிரிக்கும் பகுப்பு) சேர்த்துப் பேசும்போது நார்வேயின் ஸ்லைப்னர் ஏ கடல்மேடை நினைவுக்கு வராமல் போகாது. 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டவாங்கர் அருகே அதன் கான்கிரீட் அடித்தளத்தைத் தண்ணீருக்குள் இறக்கிச் சோதித்தபோது, மூன்று அறைகள் சந்திக்கும் முக்கோணச் சந்தின் சுவர் பிளந்து, முழுக் கட்டுமானமும் மூழ்கியது. அந்த இடத்தில் எலிமென்ட்டுகளின் பகுப்பு போதிய நுணுக்கம் இல்லாமல் இருந்ததால், ஷியர் 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது என்று ஆய்வில் தெரிந்தது. தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்க வழியில்லை. அழுத்தம் சரியாக ஏறினாலும், அது சுவர் முனைக்குப் போய்ச் சேரும் பாதையை எலிமென்ட்டுகள் சரியாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஈடாப்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் இந்தப் பாதைக் கேள்வி ஸ்லாபை வைப்பது ஷெல்லா மெம்பிரேனா என்ற தேர்வாக வருகிறது. மெம்பிரேனாக வைத்தால் ஸ்லாப் வளைந்து எதையும் தாங்காது. சுமை பங்கீட்டு முறையில் பீமுக்குப் போய்விடும். ஷெல்லாக வைத்தால் ஸ்லாபும் பீமோடு சேர்ந்து வளைந்து, ஒரு பகுதி மொமென்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். பீமின் மொமென்ட் அதற்கேற்பக் குறையும். எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி என்பேன். ஆனால் பீமை ஷெல் மாடலின் குறைந்த மொமென்ட்டுக்கும், ஸ்லாபை ஐ.எஸ். 456 அட்டவணையின் கெழுக்களுக்கும் வடிவமைப்பது சரியில்லை. அந்த அட்டவணை பீம்கள் தொய்யாமல் நிற்கும் என்று கருதி எழுதப்பட்டது. ஷெல் மாடலில் ஸ்லாப் எடுத்துக்கொண்ட மொமென்ட்டுக்கு அங்கே கம்பி இல்லை, பீமிலும் இல்லை. அட்டவணையைக் கொண்டு ஸ்லாப் வடிவமைக்கும் அலுவலகங்கள் மெம்பிரேனோடு நின்றுகொள்வதே என் பரிந்துரை.

மற்றவை சிறியவை, ஆனால் அடிக்கடி வருபவை. சுவரின் உயரம் மாடி உயரத்திலிருந்து மேல் பீமின் ஆழம் கழித்தது: 3 மீட்டர் மாடியில் 450 மில்லிமீட்டர் பீம் என்றால் 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் பூச்சு நீங்கலாக மீட்டருக்கு 11.7 கிலோ நியூட்டன். முழு உயரத்தையும் எடுத்தால் 13.8. கழிப்பறையின் சங்கன் ஸ்லாபில் (தாழ்த்திப் போட்ட ஸ்லாப்) 300 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செங்கல் ஜல்லி நிரப்பினால் அதுவே கணிசமான தனிச் சுமை. பல மாடல்களில் அந்த அறைக்கும் வரவேற்பறைக்கும் ஒரே சுமைதான் இருக்கும். மொட்டை மாடியின் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் அப்படியே. அலகுகளில் ஒரு பொறி உண்டு: மீட்டருக்கு ஒரு கிலோ நியூட்டன் என்பதும் மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் என்பதும் ஒன்றேயாகையால், பீம் சுமைகள் அலகு மாறினாலும் எண் மாறாமல் நிற்கும், அந்தத் தைரியத்தில் பரப்புச் சுமையையும் மாற்றாமல் விட்டால் ஆயிரம் மடங்கு பிசகும்.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான்: ஸ்லாப் எடை, தரை வேலை, சுவர், நிரப்பல், வாழ்சுமை என ஒவ்வொன்றும் தனித்தனிச் சுமை நிலை. எல்லாவற்றுக்கும் முன்னால், வடிவமைப்பில் சேராத சோதனை நிலை ஒன்றில் எல்லா ஸ்லாபுக்கும் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ நியூட்டன் மட்டும் ஏற்றி ஓட்டுகிறோம். அப்போது மாடிவாரியாக வரும் மொத்த விசை அந்த மாடியின் ஸ்லாப் பரப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். தூணில் வருவது அத்தூணுக்குரிய பரப்பை ஒட்டி இருக்க வேண்டும். கட்டடக் கலைஞரின் பரப்பளவுப் பட்டியலோடு நேரடியாக ஒப்பிடலாம். லிஃப்ட் குழியும் பால்கனியும் இதில் தப்ப முடியாது. பின்னர் ஒவ்வொரு சுமை நிலையின் மொத்தமும் கைக்கணக்கும் எதிரெதிரே எழுதிய ஒரே ஒரு தாள், மாடலோடு சேர்த்து வைக்கப்படுகிறது. பாதிக் கட்டடம் ஏறிய பிறகு உரிமையாளர் செங்கலுக்குப் பதில் எடை குறைந்த ஏஏசி பிளாக் போடலாமா, மொட்டை மாடியில் இன்னோர் அறை கட்டலாமா என்று கேட்கும்போது, மாடலைத் திறப்பதற்கு முன் நாங்கள் எடுப்பது அந்தத் தாளைத்தான்.